படைக்கலமும் பொதுவிடமும்

படைக்கலம் ஏந்துதல் குடிமகன் ஒருவனுக்குப் பிறப்புரிமையாகுமா, அன்றி அரசு இசைந்தளிக்கும் அநுமதியேயாகுமா என்னும் வினா நாகரிக நாடுகள் பலவற்றிலும் எழுந்துள்ளது. ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுக்கு ஏற்ப ஒவ்வொரு விடை கூறியிருக்கின்றது. எவ்விடை கூறிய நாட்டிலும் அதனையொட்டி மற்றொரு வினா உடனே தோன்றும். உரிமம் பெற்ற துப்பாக்கியாயினும் அதனை எவ்விடத்திற்கும் எடுத்துச் செல்லலாமோ? வீட்டில் வைத்துக்கொள்ளுதல் ஒன்று. நீதிமன்றத்திற்கும், வாக்குச் சாவடிக்கும், திருவிழாக் கூட்டத்திற்கும், வன விலங்குகளின் புகலிடமாகிய காட்டிற்கும் கொண்டு செல்லுதல் பிறிதொன்று. இவ்விரண்டாம் வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் கூறும் விடையைச் சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்னிட்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வட்டாரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் அடங்கும். நகரின் நடுவே சங்கரநாராயணர் கோவிலும், அதனைச் சூழக் கடைவீதியும் அரசாங்க அலுவலகங்களும் உள்ளன. மேற்கு நோக்கிச் சென்றால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி முதலிய ஊர்களும், அவற்றிற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தோன்றும். ஆகவே, மக்கள் கூடும் பொதுவிடம், அரசாங்கக் கட்டடம், விலங்குகள் வாழும் காடு ஆகிய மூன்றும் ஒரு நாட்பயணத்துள் அடங்கும் இடம் இது. அன்றியும், படைக்கலம் பறிக்கப்பட்ட கதையைத் தன் மண்ணிலேயே கண்ட நாடு இது.

அக்கதையை முதற்கண் நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமை பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. பாளையக்காரர் ஒவ்வொருவரும் கோட்டையும் படையும் உடையர். வேலும், வாளும், வளரியும், திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கியும் அவர்தம் குடிகளிடத்துப் பரவியிருந்தன. சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டுஞ்செவலை ஆண்ட பூலித்தேவர் 1755ஆம் ஆண்டு கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்று தம் கோட்டையைக் காத்தார். 1761இல் யூசுப்கான் அக்கோட்டையைக் கைப்பற்றினான். பிடிபட்ட பூலித்தேவர் சங்கரன்கோவில் ஆலயத்துள் வழிபடச் சென்று ஆங்கே மறைந்தருளினார் என்பது இப்பக்கத்து மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிவுற்றன. பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமாக்கப்பட்டது, ஊமைத்துரையும் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னைக் கவர்னராகிய எட்வர்டு கிளைவ் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்படல் வேண்டும், படைக்கலங்கள் ஒப்புவிக்கப்படல் வேண்டும், இனி அவற்றை ஏந்துவோர் கடுந்தண்டனைக்கு ஆளாவர் என்பன அதன் சாரம். வென்றவன் தோற்றவனிடத்தினின்றும் ஆயுதத்தைப் பறித்தான் என்பதே இதன் உண்மைப் பொருள். மக்களுக்கு அதில் வாய்ப்பேச்சு இல்லை. மறுத்துக் கேட்க மன்றமும் இல்லை. தென்பாண்டி நாட்டில் ஆயுதச் சட்டத்தின் தொடக்கம் இவ்வாறு அமைந்தது.

இதன்பின் நாடு முழுவதற்கும் பொருந்தச் செய்யப்பட்டது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அப்போது லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தார். இந்தியர் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறல் வேண்டும் என்று விதித்த அரசாங்கம், ஐரோப்பியருக்கு அக்கட்டினின்றும் விலக்களித்தது. சட்டத்தின் குறை கட்டுப்பாட்டிலன்று, அக்கட்டுப்பாடு ஆள் நோக்கி வேறுபட்டதிலேயே இருந்தது. அன்றியும், அச்சட்டம் அஞ்சிய காரியத்தை அதனால் தடுக்கவும் இயலவில்லை. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் செங்கோட்டை வாஞ்சிநாதன் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கியால் என்பது வரலாறு. மக்களின் மனம் ஒப்பாத சட்டத்தைக் காவலர் மட்டும் காத்தல் அரிது.

ஆயுதச் சட்டத்தை இழிவெனக் கருதிய தேசத் தலைவர்கள் 1931இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தனர். ஆயின் விடுதலை வந்தபின் காரியம் வேறு வழியில் திரும்பியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவர்கள் அவ்வுரிமையை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் எனத் திருத்தம் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. நன்மக்கள், தீயோர் என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் அவ்வுரிமையை அளித்தல் இயலாது என்பது அவர் கொள்கை. திருத்தம் தோற்றது. இன்று அரசியலமைப்பின் 19ஆம் பிரிவைப் படிப்போர், குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே அதில் எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். கூடும் உரிமையும் ஆயுதமின்மையும் ஒரே வாக்கியத்தில் இணைக்கப்பட்டமை கருதத்தக்கது. பொதுவிடத்தில் கருத்தால் வெல்லலாம், கருவியால் வெல்லலாகாது என்பதே அதன் உட்கிடை.

இனி, இப்போது நடைமுறையில் உள்ள சட்டத்தைக் காண்போம். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. இருபத்தொரு வயது நிரம்பாதார்க்கு உரிமம் இல்லை. எனவே, கல்லூரியிற் பயிலும் நம்மில் மிகப் பலர் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர். ஒருவர் முன்னர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. உரிமம் மறுக்கும் அதிகாரி மறுப்புக்குரிய காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். 1801ஆம் ஆண்டின் அறிக்கைக்கும் இச்சட்டத்திற்கும் உள்ள வேற்றுமையை இவ்வொரு விதியே புலப்படுத்தும்.

உரிமம் பெற்றவர் தம் துப்பாக்கியை விரும்பிய இடமெல்லாம் கொண்டு செல்லலாம் என்று எண்ணுவோர் பலர். அஃது தவறு. உரிமத்தோடு நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன. 1962ஆம் ஆண்டு விதிகளோடு இணைந்த உரிமப் படிவத்தில், மாவட்ட மாஜிஸ்திரேட்டின் தனி அநுமதி இன்றிச் சந்தைக்கும், சமய ஊர்வலத்திற்கும், வேறு பொதுக்கூட்டங்களுக்கும், கல்வி நிலையத்தின் எல்லைக்குள்ளும் ஆயுதம் கொண்டு செல்லலாகாது என்னும் நிபந்தனை விளக்கமாக எழுதப்பட்டது. இதனை நம் ஊருக்குப் பொருத்திக் காண்க. ஆடி மாதத்தில் கோமதியம்மனின் ஆடித்தபசுக் காட்சியைக் காணத் தென்மாவட்டங்கள் பலவற்றினின்றும் மக்கள் வெள்ளமாய்த் திரள்வர். தோளோடு தோள் நெருங்கும் அத்தெருவில், நேர்மையான ஒருவரின் இடையிலுள்ள கைத்துப்பாக்கியும் அபாயமே. கை தவறினும் வெடிக்கும். கூட்டத்தில் பிறர் பறித்துக்கொள்ளவும் கூடும். வெடித்த ஓசையால் மக்கள் கலைந்து ஓடினால், தோட்டா படாதவரும் மிதியுண்டு மடிவர். இந்நிபந்தனை மனிதனின் நற்குணத்தை ஐயுற்று எழுந்ததன்று. இடத்தின் தன்மையை நோக்கி எழுந்தது.

மகிழ்ச்சியின் பொருட்டு வானத்தை நோக்கிச் சுடும் வழக்கமும் வட நாட்டுத் திருமணங்களிற் பெருகியது. மேலே சென்ற தோட்டா கீழே வந்தே தீரும். ஆகலின், திருமணம், வழிபாட்டிடம், பொதுக்கூட்டம் முதலியவற்றில் அஜாக்கிரதையாகச் சுடுவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது.

அரசாங்கக் கட்டடங்களைப் பற்றிய நிலை யாது? இன்ன இன்ன கட்டடத்தில் ஆயுதம் கூடாது எனப் பட்டியலிட்டுக் கூறும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மேற்கூறிய உரிம நிபந்தனைகளும், அமைதி குலையும் என அஞ்சுங் காலத்து மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் தடையுத்தரவும், அவ்வக் கட்டடத்தின் வாயிற் சோதனையும் ஒன்றுகூடியே அப்பணியைச் செய்கின்றன. முன்னர் 144 தடையுத்தரவு என வழங்கியது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையில் 163ஆம் பிரிவாக உள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015 நவம்பரில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் காவலை ஏற்றதும் இவ்வழியைச் சேர்ந்த ஏற்பாடே. கடமையின் பொருட்டு ஆயுதம் தாங்கும் அரசு ஊழியரையும், கடமையில் உள்ள தேசிய மாணவர் படையினரையும் ஆயுதச் சட்டம் தீண்டுவதில்லை.

ஓரிடத்தைப் பற்றி மட்டும் சட்டம் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகின்றது. அதுவே வாக்குச் சாவடி. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134-பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சாவடியின் அருகே எவரும் ஆயுதத்துடன் செல்லலாகாது என விதிக்கின்றது. தேர்தல் அதிகாரி, சாவடியின் தலைமை அதிகாரி, காவலர், அமைதி காக்க நியமிக்கப்பட்டவர் ஆகியோர்க்கே விலக்கு உண்டு. மீறியவர்க்கு ஈராண்டு வரை சிறை. உரிமம் பெற்ற ஆயுதமாயினும் அது பறிமுதலாகும், உரிமமும் நீங்கும். தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் உரிமதாரர் பலர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்புவித்துச் சீட்டுப் பெறுதலை நம் ஊர்களிலும் காணலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையே அன்று வாக்குச் சாவடியாகின்றது. நிலமுடையானும் கூலியாளும் ஒரே வரிசையில் நின்று ஒரே நிறையுள்ள வாக்கை அளிக்கும் அவ்வறையில், ஒருவன் கையில் துப்பாக்கி இருப்பின் அவ்வரிசையின் சமத்துவம் அக்கணமே அழிந்துபடும். சுட வேண்டியதில்லை, கண்ணிற்பட்டாலே போதும்.

இவ்விடத்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலையை ஒப்பு நோக்குதல் பயன் தரும். படைக்கலம் வைத்திருத்தலை 1791ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தத்தில் உரிமையாக எழுதிய நாடு அது. ஆங்கும் தேசியப் பூங்காக்களில் சுடத்தயாரான துப்பாக்கியுடன் செல்லுதல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 2009இல் இயற்றிய ஒரு சட்டத்தால், 2010 பிப்ரவரி 22 முதல், அவ்வப் பூங்கா அமைந்த மாகாணத்தின் சட்டம் இசையுமாயின் துப்பாக்கி வைத்திருக்கலாம் என ஆயிற்று. ஆயினும், அதே பூங்காவினுள் உள்ள அலுவலகம் முதலிய கூட்டரசுக் கட்டடங்களுள் நுழையும்போது துப்பாக்கி கூடாது. 2008இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், தனிமனிதர் உரிமையை ஒப்புக்கொண்ட அதே தீர்ப்பில், பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் உள்ள தடைகளைத் தாம் ஐயுறவில்லை எனக் கூறிற்று. உரிமையிலிருந்து புறப்பட்ட நாடும் அநுமதியிலிருந்து புறப்பட்ட நாடும் அரசாங்கக் கட்டடத்தின் வாயிலில் ஒன்றுகூடுகின்றன. காட்டின் வாயிலிலேதான் அவை பிரிகின்றன.

நம் நாட்டுக் காட்டுச் சட்டம் மிகக் கண்டிப்பானது. சென்னை மாகாணத்தில் காட்டு யானைகளைக் காக்க 1873இலும், நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879இலும் சட்டங்கள் எழுந்தன. இவை வேட்டையை ஒழுங்குபடுத்தினவேயன்றி, ஒழித்தனவல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே முறையை மாற்றியது. அதன் 31ஆம் பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான முன் அநுமதியின்றி எவரும் சரணாலயத்துள் ஆயுதத்துடன் நுழைதல் கூடாது. இவ்விதி தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். ஆயுதச் சட்டப்படி பெற்ற உரிமம் இங்கே செல்லாது என்பதை உணர்தல் வேண்டும். ‘ஆயுதம்’ என்னும் சொல்லுக்கு இச்சட்டம் தரும் பொருளும் விரிவானது. துப்பாக்கியும் தோட்டாவுமேயன்றி, வில், அம்பு, கத்தி, வலை, கண்ணி, பொறி, தூண்டில் முள், நஞ்சு, வெடிமருந்து ஆகிய யாவும் அதனுள் அடங்கும். கொல்லும் கருவி எதுவாயினும் விலங்குக்கு ஒன்றே என்பது சட்டமியற்றினோர் கருத்துப்போலும்.

தமிழ்நாட்டில் கிண்டி, மன்னார் வளைகுடா, ஆனைமலை, முதுமலை, முக்குருத்தி என ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. தென்காசிப் பக்கத்தில் தேசியப் பூங்கா இல்லை. எனினும் சரணாலயங்கள் உண்டு. முண்டந்துறை 1962இல் புலிச் சரணாலயமாயிற்று. களக்காட்டுடன் இணைந்து 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வரையிலுள்ள மலைக்காடுகள் அப்பாதுகாப்பினுள் வந்தன. வடக்கே திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைந்தது.

இதனால் மலையடிவாரத்து உழவர்க்கு விளைந்தது யாது என்பதே நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்துள்ளும் அதனினின்றும் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் வாழ்ந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர், சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று திங்களுக்குள் தம் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய விண்ணப்பித்தல் வேண்டும் என்கின்றது. அவ்வெல்லைக்குள் புதிய உரிமம் வழங்குதற்கும் அவரது இசைவு வேண்டும். ஆகவே, சரணாலயத்தின் எல்லைக்கல் மலைமேல் நிற்பினும், அதன் சட்டம் அடிவாரத்து எலுமிச்சைத் தோப்பு வரை இறங்கி வருகின்றது.

அத்தோப்பிற்கும் வயலுக்கும் இரவில் காட்டுப்பன்றி வருகின்றது. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் பருவ உழைப்பை அது கிண்டிப் பாழாக்கிவிடும். பயிர் காக்கும் பொருட்டு முன்வாயில் மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகின்றது; காட்டுயிர்ச் சட்டமோ அத்துப்பாக்கியைப் பன்றியின்மேல் திருப்ப விடுவதில்லை. ஒரு சட்டம் கொடுத்ததை மற்றொரு சட்டம் பூட்டி வைத்தது போன்ற இந்நிலையில் சிலர் மின்வேலி இட்டனர். சிலர் அவுட்டுக்காய் வைத்தனர். அவற்றிற் பன்றியே அன்றி யானையும், கால்நடையும், மனிதரும் மாண்டனர். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு ஒரு வழி கண்டது. காப்புக் காட்டினின்றும் ஒரு கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டிலே விடுதல் வேண்டும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்பது அவ்வேற்பாடு. இங்கும் துப்பாக்கி உழவன் கைக்கு வரவில்லை. அரசின் கையிலேயே நின்றது. எனவே, அழைத்தபோது அக்கை விரைந்து வருதல் வேண்டும். காக்கும் பொறுப்பைத் தானே ஏற்று, கருவியைப் பிறர்க்கு மறுக்கும் அரசு, காலந்தாழ்த்துமாயின் அச்சட்டத்தின் அறம் குன்றும்.

எல்லார்க்கும் ஒரே விதி என்பதற்கும் ஒரு விலக்கு இன்றும் உள்ளது. குடகு நாட்டுக் கொடவர்க்கும், ஜம்மா நிலமுடையோர்க்கும் உரிமம் பெறுதலினின்றும் ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் விலக்களிக்கப்பட்டுள்ளது. 2019இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதனை ஒப்புக்கொண்டது. துப்பாக்கியைக் குலமரபின் சின்னமாகப் போற்றும் அம்மக்களின் வழக்கத்தைச் சட்டம் மதித்தது என்க. பாளையக்காரர் நாட்டில் அத்தகைய மரபு 1801இலேயே அறுந்துபோயிற்று.

இங்ஙனமாயின், பூலித்தேவர் நாட்டார்க்கு இன்றைய சட்டமும் அன்றைய அறிக்கையின் தொடர்ச்சியேயாகாதோ என ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. கருவியை நோக்கின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; முறையை நோக்கின் வேறுபாடு விளங்கும். அன்று ஆள்வோனைக் காக்க மக்கள் படைக்கலம் இழந்தனர். இன்று மக்கள் கூடும் இடத்தைக் காக்க மக்கள் தாமே தேர்ந்தெடுத்த மன்றம் விதி செய்கின்றது. மறுப்புக்குக் காரணம் எழுதப்படுகின்றது, மேல்முறையீடு உண்டு, விதி பிழையாயின் வாக்கினால் மாற்றலாம். இவை ஏட்டில் மட்டும் நின்று, அலுவலகத்தில் நடவாதொழியுமாயின், வேறுபாடும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் படையை அரசின் உறுப்புக்களுள் ஒன்றாக வைத்தார். குடியையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். படை அரசுக்கு உரியது, பொதுவிடம் குடிக்கு உரியது எனக் கொள்ளின், இச்சட்டங்களின் நெறி எளிதில் விளங்கும். கல்வி முடித்து ஊர் திரும்பும் நம்மிற் சிலர் நாளை அலுவலராவர், சிலர் வழக்கறிஞராவர், சிலர் மலையடிவாரத்து நிலத்திற்கே திரும்புவர். உரிம விண்ணப்பமோ, தோப்பில் பன்றி புகுந்ததென்னும் முறையீடோ தம்மிடம் வரும்போது, இவ்விதிகள் இன்ன காரணத்தால் எழுந்தன என்று அறிந்து நடப்பாராயின் அதுவே நாட்டுக்கு நலமாகும்.